கபடிக் களத்து மைக்கிலிருந்து குத்துச்சண்டை ரிங் வரை: ஓர் அறிவிப்பாளரின் எட்டு ஆண்டுகள்

எதைப் பற்றிய பதிவு

தூத்துக்குடி மாவட்டத்து ஊர்க் கபடிப் போட்டிகளில் மைக் பிடித்துத் தொடங்கிய ஓர் இளைஞர் இன்று மாநில அளவிலான குத்துச்சண்டைப் போட்டிகளில் அறிவிப்பாளராக இருக்கிறார். 2017 முதல் 2025 வரை அவர் கடந்து வந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஆள், ஊர், அணி எதற்கும் பெயர் இல்லை. களத்தில் அவரை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன்; இங்கும் அப்படியே. அவர் முழுதும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே இதை வெளியிடுகிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர், கபடி நடுவர். கீழே வரும் இறுதியாட்டத்தில் களத்தோர நடுவரான அம்பயராக நின்றவன். மைக் பிடிக்க ஆசைப்பட்டு வரும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், என் குரல் இதுக்குப் போதுமா?" என்பதுதான். குரல் வேண்டும்தான். ஆனால் முதலில் நடுவரின் கை உயர வேண்டும், பிறகுதான் அறிவிப்பாளர் வாய் திறக்க வேண்டும். இந்த முறையைக் காப்பாற்றுகிறவரைத்தான் நடுவர்களும் அமைப்பாளர்களும் மறுபடி கூப்பிடுகிறார்கள். தம்பியின் பிழைப்பு ஒருமுறை உடைந்ததும் அதில்தான், திரும்ப எழுந்ததும் அதில்தான்.

பின்னணி

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் பிறந்த பக்கம் எங்களுடையது. பொங்கலில் தொடங்கினால் கோயில் கொடை விழாக்கள் முடியும் வரை ஏதாவது ஓர் ஊரில் மின்னொளிக் கபடி நடக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் களமெல்லாம் சேறு. மைக்காரருக்கும் வேலை இல்லை.

ஊர்ப் போட்டியில் மைக்காரர் செய்வது ஒரு வேலை அல்ல. அணிகளைக் களத்துக்கு அழைக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கட்டாத அணிகளுக்கு நினைவூட்ட வேண்டும். முதல் பரிசும் சுழற்கோப்பையும் கொடுத்தவரில் தொடங்கி தண்ணீர்ப் பாக்கெட் வாங்கிக் கொடுத்தவர் வரை எல்லார் பெயரும் மூச்சு விடாமல் வாசிக்க வேண்டும். வழியை அடைத்து நிற்கும் வண்டியின் எண், கூட்டத்தில் தாயைத் தொலைத்த குழந்தை, வேட்டி கட்டி வந்து அமரும் பிரமுகருக்குப் பொன்னாடை என்று எல்லாம் மைக் வழியாகத்தான். இத்தனைக்கும் நடுவே ஆட்டத்தையும் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு 2017-இல் 22 வயது. பி.காம். முடித்துவிட்டு உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பள்ளி அணியில் தடுப்பு வரிசையின் ஓரத்தில், கார்னராக ஆடியவர் என்பதால் ஆட்டம் தெரியும். கனமான குரல், நல்ல உச்சரிப்பு. வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையைக் காது குளிரக் கேட்ட தாத்தா ஒருவர் வீட்டில் இருந்தார். ஆட்டத்தை வார்த்தையால் கண்முன் நிறுத்தும் அந்தக் கலையைப் பற்றித் தாத்தா சொல்லிச் சொல்லியே பேரனுக்கு மைக் ஆசை வந்தது. ஊர்ப் போட்டிக்கு வர வேண்டிய மைக்காரர் ஒரு நாள் வராமல் போக, கமிட்டியார் இவரைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். அந்தக் கொடைக் காலம் முடிவதற்குள் பக்கத்து ஊர்களும் கூப்பிடத் தொடங்கின.

2017 முதல் 2019 வரை கண்டவை

அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் மைக் பிடித்த பல போட்டிகளில் நான் நடுவராக இருந்தேன். கூட்டம் அவரை ரசித்தது. நடுவர்களாகிய எங்களுக்குச் சில இடைஞ்சல்கள் இருந்தன.

முதலாவது, எதிரணியினரைத் தொட்டுவரப் போகும் ரைடர் பாடிக்கொண்டு போகும்போதெல்லாம் இவர் பேசிக்கொண்டே இருந்தார். "போறாரு, போறாரு, இடது பக்கம் காலை நீட்டுறாரு" என்று ஓட்டமாகச் சொல்லுவார். வானொலியில் இது தேவை. கேட்பவருக்குக் களம் தெரியாது. இங்கே களத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. அது மட்டும் என்றால் விட்டுவிடலாம். கபடியில் ரைடர் 'கபடி கபடி' என்று விடாமல், காதில் விழும்படி பாட வேண்டும். பாட்டு விட்டதா என்று காதால் கேட்டுத்தான் அம்பயர் முடிவு செய்கிறார். ஒரு ரைடுக்கு 30 விநாடி. அந்த 30 விநாடியும் தலைக்கு மேலே குழாய் ஸ்பீக்கர் முழங்கிக்கொண்டிருந்தால் அம்பயர் எதைக் கேட்பார்? ரைடரின் உதட்டைப் பார்த்து நான் தீர்ப்புச் சொன்ன இரவுகள் உண்டு. இப்படி நடுவரின் காதை அறிவிப்பாளர் அடைக்கக்கூடிய விளையாட்டுகள் அதிகம் இல்லை. கபடிக்கு மைக் பிடிக்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, மைக் இருந்த இடம். மேடை களத்தின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், நன்கொடையாளர்கள் உட்காரும் வரிசைக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களின் முதுகுதான் தெரியும். கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டிய கால் தரையில் இருந்ததா, அந்த நேரம் மற்றக் கால் அந்தரத்தில் இருந்ததா, நடுக்கோட்டை விரல் தொட்டதா, எதுவும் தெரியாது.

மூன்றாவது, பெயர்கள். வெளியூர் ஆட்டக்காரர்களை 'பச்சை பனியன்', 'ஒசரமான தம்பி' என்பார். உள்ளூர்ப் பையன்களுக்கு மட்டும் பட்டப்பெயரோடு முழக்கம். வெளி அணியினர் எப்போதும் இதைத்தான் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார்கள்.

நான்காவதை நாங்கள் பிற்பாடுதான் புரிந்துகொண்டோம். தெரு நெடுகக் கம்பங்களில் குழாய் கட்டியிருப்பார்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 70 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து தன் குரலே ஐந்தில் ஒரு பங்கு விநாடி பிந்தித் தம்பியின் காதுக்கு வரும். இப்படித் தாமதமாகத் திரும்பும் சொந்தக் குரல் யாருக்கும் நாக்கைத் தடுமாற வைக்கும். அதை அடக்க அவர் இன்னும் கத்தினார். பக்கத்தில் அவருக்கென்று ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் கிடையாது. கூட்டத்தின் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காமல், கேட்கிற அளவுக்கு உயர்த்திக்கொண்டே போவார். விடியும்போது தொண்டை கட்டியிருக்கும்.

இறுதியாட்டம், மே 2019

உள்ளூர் அணிக்கும் வெளி அணி ஒன்றுக்கும் இறுதியாட்டம். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே மீதி. உள்ளூர் 27, வெளி அணி 26. உள்ளூர்ப் பக்கம் களத்தில் மூன்று பேர்தான். வெளி அணி ரைடர் பாடி உள்ளே வந்தார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் இடுப்பை வளைக்க, மூன்றாமவர் மேலே விழ, நாலு பேரும் குவியலாக நடுக்கோட்டை நோக்கிச் சரிந்தார்கள். மேடையிலிருந்து தம்பி முழங்கினார்: "புடிச்சாச்சு! சூப்பர் டேக்கிள்! நம்ம பசங்களுக்கு ரெண்டு பாயிண்ட்! கோப்பை நம்ம ஊருக்கே!" களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. வாண வெடி கிளம்பிவிட்டது.

ரைடரின் வலது கை குவியலுக்கு அடியிலிருந்து நீண்டு நடுக்கோட்டைத் தொட்டதை நான் பார்த்திருந்தேன். நான் கை தூக்குவதற்குள் ஊரே களத்தில். ரைடர் எழுந்து வந்து எதுவும் பேசாமல் என்னிடம் கையை விரித்துக் காட்டினார். மூன்று விரல் நுனியிலும் கோடு போட்ட சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. உள்ளங்கை முழுக்கச் செம்மண்.

பிடியில் இருக்கும்போதே ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் அவரைப் பிடித்த எல்லாரும் அவுட். மூன்று பேரும் போனால் ஆல் அவுட், அதற்கு மேலும் 2. ஆக வெளி அணிக்கு 5 புள்ளி, 31–27. தீர்ப்பு அதுதான், மூன்று நடுவருக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை. கூட்டமோ முடிவை மைக்கில் ஏற்கெனவே கேட்டுவிட்டது. மைக்கில் சொன்னதை நாங்கள் மாற்றுகிறோம் என்றே அவர்களுக்குப் பட்டது. நாற்காலிகள் பறந்தன. வெளி அணியினர் வேனில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார்கள். முக்கால் மணி நேரப் பேச்சுக்குப் பிறகு கமிட்டி முதல் இரண்டு பரிசுத் தொகையையும் கூட்டிச் சரிபாதியாகப் பிரித்தது. கோப்பை ஊரிலேயே தங்கிவிட்டது.

வென்ற அணிக்கு வெற்றி கிடைக்கவில்லை. இதற்கு ஊர்ப் பற்று, இருட்டு, பந்தயப் பேச்சு என்று பல காரணம் சொல்லலாம். நடுவர் சைகை காட்டிய பிறகு அதே செய்தி மைக்கில் வந்திருந்தால் முணுமுணுப்போடு முடிந்திருக்கும் என்பதே என் தீர்மானமான கருத்து.

எடுத்த முடிவுகள்

மறுவாரம் தம்பி பள்ளிக்கு வந்தார். "சார், நான் பொய் சொல்லல. எனக்குப் புடிச்சமாதிரிதான் தெரிஞ்சுது," என்றார். அதை நான் நம்பினேன். மேடையிலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். தவறான இடத்தில் உட்கார்ந்து, தனக்கு இல்லாத அதிகாரத்தில் பேசியதுதான் சிக்கல் என்று இருவரும் பேசி முடித்தோம். அன்று சில முடிவுகள் எடுத்தோம்.

மைக் மேடையை விட்டு இறங்கி ஸ்கோரர் மேசைக்கு வரும். நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்தால் அம்பயரின் கையும் தெரியும், ஸ்கோர் ஷீட்டும் தெரியும்.

ரைடர் நடுக்கோட்டைத் தாண்டியதும் மைக்கின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். குரலைத் தாழ்த்துவது போதாது, அணைத்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ஆட்டச் சூட்டில் யாராலும் தாழ்த்திப் பேச முடியாது. விசில் ஊதி, அம்பயர் கை காட்டி, தலைமை நடுவரான ரெஃப்ரி ஒப்புக்கொண்ட பிறகு மூன்றே செய்தி: யார், எத்தனை புள்ளி, எதற்காக. "ஏழாம் எண், இரண்டு புள்ளி, ஒன்று தொடு, ஒன்று போனஸ்." கூட்டத்துக்குக் கண்ணால் தெரியாதது இந்த 'எதற்காக' மட்டும்தான். அதைச் சரியாகச் சொன்னால் நடுவர் மீது பாதிச் சந்தேகம் அப்போதே தீர்ந்துவிடும்.

பெயர்கள். ஒவ்வொரு அணியிலும் 12 பேர் பட்டியல் இருக்கும். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் போய், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நியூயார்க்கின் பேஸ்பால் களமான யாங்கீ ஸ்டேடியத்தில் 1951-இலிருந்து 2007 வரை அறிவிப்பாளராக இருந்த பாப் ஷெப்பர்டைப் பற்றி அப்போது அவரிடம் சொன்னேன். ஷெப்பர்ட் பேச்சுக் கலை கற்பித்த ஆசிரியர். புதிதாக வரும் ஆட்டக்காரரிடம் நேரில் போய்ப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். உணர்ச்சி காட்டாமல், ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் சொல்லும் அந்தக் குரலுக்கு ஆட்டக்காரர்களே மயங்கினார்கள். தம்பிக்கு இது புதிதாக இருந்தது; அறிவிப்பாளர் என்றால் முழங்குகிறவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

விதிகள். அடுத்த நடுவர் பயிற்சி முகாமில் அவரையும் உட்கார வைத்தேன். ஆடத் தெரிந்தவருக்கு விதி தெரியும் என்பது நம் ஊரில் பலருக்கும் இருக்கும் எண்ணம். களத்தின் ஓரப் பட்டையான லாபி எப்போது களத்தோடு சேரும், சூப்பர் டேக்கிளுக்கு எத்தனை பேர் இருக்க வேண்டும், போனஸுக்குக் குறைந்தது 6 பேர் ஏன் என்று கேட்டால் ஆடியவர்களே தடுமாறுவார்கள்.

கடைசியாக, நன்கொடையாளர் பெயர் வாசிக்க வேறொருவர். இதற்குத்தான் கமிட்டிகள் எளிதில் இணங்கவில்லை.

2019 முதல் 2021 வரை: பின்விளைவுகள்

முதலில் வேலை குறைந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும். புதிய முறையில் அவர் மைக் பிடித்த முதல் போட்டியிலேயே கமிட்டித் தலைவர் மேசைக்கு வந்து நின்றார். "என்னப்பா, மைக் செத்துக் கெடக்கு? துட்டு குடுத்துருக்கோம்லா, பேசு. ஆளுக உறங்கிருவாங்க." தம்பி, "அண்ணாச்சி, ரைடு முடியட்டும், பேசுதேன்," என்றார். அடுத்த ஆண்டு அந்த ஊர் அவரைக் கூப்பிடவில்லை. இன்னும் சில ஊர்களும் கைவிட்டன.

ஆனால் நடுவர்கள் கவனித்தார்கள். அவர் இருக்கும் களத்தில் பாட்டு காதில் விழுகிறது, தகராறு குறைகிறது, வெளி அணிப் பையன்கள் தங்கள் பெயரை மைக்கில் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். மாவட்ட அளவிலான போட்டிகளுக்கு நடுவர்களே அவரைச் சொல்லி அனுப்பினார்கள். ஊர்க் கமிட்டியின் கைதட்டலை விட்டு அதிகாரிகளின் நம்பிக்கைக்கு மாறிய இந்த நகர்வுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. அது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் யாருக்கும் அப்படித் தெரியவில்லை. வருமானம் குறைந்ததுதான் தெரிந்தது.

2020-இல் கொரோனா. போட்டியே இல்லை. உரக்கடை வேலை இருந்ததால் குடும்பம் தப்பித்தது. பழைய ஆட்டங்களின் ஒளிப்பதிவை ஒலியில்லாமல் ஓடவிட்டு, நடுவர் கை தூக்கியதும் அறிவித்துப் பழகினார். ஆங்கிலத்தில் எண்களும் ஊர்ப் பெயர்களும் தடங்கலின்றி வர உரக்க வாசித்தார்.

2022: குரல்

ஊரடங்குக்குப் பிறகு 2022-இல் போட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. வேலை இல்லாத காலத்தை ஈடுகட்ட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சித்திரையில் கட்டிய குரல் வைகாசி முடிந்தும் திறக்கவில்லை. மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால், சித்தரத்தை, கற்பூரவல்லி என்று வீட்டில் எல்லாம் பார்த்தார்கள். தொண்டைக்கு இதமாக இருந்திருக்கும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாண்கள் மேல் படாது. அது உணவுக்குழாய் வழியே போய்விடும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவதுதான் முறை.

மருத்துவர் கருவி விட்டுப் பார்த்ததில் இரண்டு குரல் நாண்களிலும் நேருக்கு நேர் சிறு முடிச்சுகள். மண்வெட்டி பிடிக்கிறவர் கையில் காய்ப்பு விழுகிறமாதிரி, உரசி உரசி வந்தது என்று விளக்கினார். அறுவை வேண்டாம், முதலில் குரல் பயிற்சி என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்.

பயிற்சியை நான் ஒருநாள் பார்த்தேன். டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஓர் உறிஞ்சுகுழல். குழலை வாயில் வைத்து 'ஊ' என்று மெல்ல இழுத்துக்கொண்டே ஊத வேண்டும். தண்ணீரில் குமிழி சீராக வந்துகொண்டிருக்க வேண்டும். குமிழி விட்டு விட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று அர்த்தம். நூறு வாட் குழாய்களை அதிரவைத்த ஆள், மேசை முன்னால் குனிந்து குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமுவது, கிசுகிசுத்துப் பேசுவது இரண்டும் கூடாது. கிசுகிசுத்தால் குரலுக்கு ஓய்வு என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். அதுவும் நாண்களை வருத்தக்கூடியதே.

கபடிக் காலத்தின் மிச்சம் முழுவதையும் அவர் விட்டுவிட்டார். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இதை நான் வற்புறுத்தினேன், வீட்டில் வருத்தம் இருந்தது. குரல் திரும்பியதும் சில ஏற்பாடுகளை நிபந்தனையாக்கினார். மைக் செட்காரர் ஒரு சிறிய பாக்ஸை அவரை நோக்கி வைக்க வேண்டும்; தன் குரல் தனக்குக் கேட்டால் கத்த வேண்டியிருக்காது. தூரத்துக் குழாய்கள் வேண்டாம். களத்தைச் சுற்றிப் பாக்ஸ் போதும். மைக்கை இரண்டு விரல் இடைவெளியில் வைத்து, உரத்த குரலுக்குக் கருவியையும் தெளிவுக்கு வாயையும் நம்புவது. முன்பு செட்காரரைச் சாப்பாட்டு வேளையில்தான் பார்ப்பார். இப்போது களத்துக்கு வந்ததும் முதலில் அவரைத்தான் பார்க்கிறார். மைக் கத்தினால் எந்தப் பட்டனைக் குறைப்பது என்பதுவரை அவரிடம் கற்றுக்கொண்டார்.

2023: குத்துச்சண்டை ரிங்

மாவட்டப் போட்டி ஒன்றில் அவரைக் கேட்ட குத்துச்சண்டை நடுவர் ஒருவர், மாநில அளவிலான அமெச்சூர் போட்டிக்கு அறிவிப்பாளர் வேண்டும் என்று கூப்பிட்டார். போட்டி சென்னையில். வடசென்னையில் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பார்த்த கூட்டம். 1980-இல் முகமது அலி சென்னை வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்ததாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். தப்பாகச் சொன்னால் அந்த நொடியே பிடிப்பார்கள்.

அமெச்சூர் குத்துச்சண்டையில் அறிவிப்பாளர் ரிங்குக்குள் ஏறுவதில்லை. கீழே அதிகாரிகள் மேசையில்தான். எடைப்பிரிவு, சிவப்பு மூலை, நீல மூலை, இருவரின் பெயரும் மாவட்டமும், பிறகு மூன்று சுற்று. சுற்று நடக்கும்போது மைக் பேசக் கூடாது. கபடியில் அவர் கஷ்டப்பட்டுப் பழகியது இங்கே எழுதப்பட்ட ஒழுங்காகவே இருந்தது. ஐந்து நடுவர்களின் மதிப்பெண்ணைப் பார்த்து மேற்பார்வையாளர் முடிவுத் தாளைத் தருவார். ரெஃப்ரி இருவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நடுவே நிற்பார். 5–0 என்றால் ஒருமனதாக. 4–1, 3–2 என்றால் பெரும்பான்மையாக. ரெஃப்ரி சண்டையை நிறுத்தியிருந்தால் எந்தச் சுற்றில் என்பதும் சொல்ல வேண்டும்.

ஒரு நாளில் நாற்பது சண்டைகூட வரும். அத்தனையிலும் நிறத்தை மாற்றிச் சொல்லாமல் இருக்க அவர் தனக்கென ஒரு முறை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சண்டைக்கும் ஓர் அட்டை. இடப்பாதிக்குச் சிவப்பு மை, வலப்பாதிக்கு நீல மை. முடிவுத் தாள் வந்ததும் வென்றவரின் பாதியில் கட்டைவிரலை வைத்துக்கொள்வார். தாளையும் விரலையும் ரிங்கையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்த பிறகுதான் மைக்கைத் திறப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த இடைவெளி பரபரப்புக்காக விட்டது போலத் தோன்றும். அது சரிபார்க்கும் நேரம்.

பின்பு வேறு மாநில வீரர்கள் வந்த போட்டி ஒன்றில் மணிப்பூர், மிசோரம் பெயர்கள் வந்தன. வார்ம்-அப் இடத்துக்குப் போய் அவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டார். 'ப'வை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் அடியில் ஒரு புள்ளி.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் விவாதம் வந்தது. தொழில்முறைப் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தபோது, அமெரிக்க அறிவிப்பாளர் மைக்கேல் பஃபரின் புகழ்பெற்ற தொடக்க முழக்கத்தைச் சொல்ல ஆசைப்பட்டார். அந்த முழக்கத்தை பஃபர் 1992-இலேயே வணிகக் குறியாகப் பதிவு செய்துவிட்டார். இன்னொருவரின் பிழைப்பாக இருக்கும் வரியை நாம் எடுக்கக் கூடாது, அது சட்டத்துக்கு முன்பே மரியாதை சார்ந்தது என்று சொன்னேன். அவர் தனக்கென்று எந்த முழக்கமும் வைத்துக்கொள்ளவில்லை. மூலையின் நிறத்தைச் சொல்லிவிட்டு, கூட்டம் அடங்கும் வரை காத்திருந்து, பெயரை முழு நீளத்தில் சொல்கிறார். அதற்கே விசில் பறக்கிறது.

பணமும் இப்போதைய நிலையும்

2018-இல் ஓர் இரவுக்கு 1,200 ரூபாயும் சாப்பாடும். விடிய விடியப் பேசினாலும் அதே தொகை. இப்போது ஊர்ப் போட்டிக்கு 3,000, மாநிலப் போட்டிக்கு நாளொன்றுக்கு 5,000, பயணமும் தங்குமிடமும் தனி. மழைக்காலத்தில் எதுவும் இல்லை. அதனால் உரக்கடை வேலையை அவர் விடவில்லை. விட வேண்டாம் என்றே நானும் சொல்கிறேன்.

வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்வதை நிறுத்தி, ஒரு பக்கத் தாளில் எழுதி வாங்குகிறார். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, நன்கொடை வாசிக்க இரண்டாம் ஆள், மேசையின் இடம், தன்னை நோக்கிய பாக்ஸ், போட்டி ரத்தானால் முன்பணம். காவல்துறை அனுமதி நகலையும் கேட்கிறார். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரை தளர்வு தரலாம். விதி மீறினால் முதலில் காவலர் வந்து நிற்பது மைக் பிடித்தவர் முன்னால்தான்.

எல்லாம் கைகூடிவிடவில்லை. தொலைக்காட்சியில் வரும் லீக் ஒன்றுக்காகச் சென்னையில் நடந்த குரல் தேர்வுக்குப் போனார். இந்தி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது இந்தி படிக்கிறார். 30 வயதில் அது மெல்லத்தான் ஏறுகிறது.

மாற்ற வேண்டியவை

தம்பியிடம் கேட்டால், முதல் ஆண்டிலேயே ஸ்கோரர் மேசைக்கு வந்திருப்பேன், தொண்டை கட்டிய முதல் வாரமே மருத்துவரைப் பார்த்திருப்பேன் என்கிறார்.

என் பார்வையில் இதைத் தனி ஒருவரின் திருத்தமாக மட்டும் விட்டுவிடக் கூடாது. கபடி விதிப்படி ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர் என்று ஒவ்வொருவருக்கும் இடமும் கடமையும் உண்டு. ஊர்ப் போட்டியில் இவர்கள் எல்லாரையும்விட உரக்கப் பேசுகிறவருக்கு எந்த விதியும் இல்லை. ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரி அணித் தலைவர்களோடு பேசுவது போல மைக்காரரோடும் பேச வேண்டும். நான் கை காட்டுவதற்கு முன் புள்ளி சொல்லக் கூடாது என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். நான் நடுவராக நிற்கும் ஆட்டங்களில் இதைச் செய்துவருகிறேன்.

நடுவர் பயிற்சி முகாமில் அறிவிப்பாளர்களுக்கு அரை நாள் ஒதுக்க மாவட்டத்தில் கேட்டிருந்தோம். ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், தம்பிதான் வகுப்பெடுக்கிறார். மைக் செட்காரர்களையும் அதற்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.